பொன்னியின் செல்வன்: காத்திருந்தோர் எதற்காகக் காத்திருந்தனர்?

ஒரு நூல் திரைப்படமாகும்போது, அதுபற்றிய விமர்சனம் படம் வெளிவந்த பின்னரே தொடங்குகின்றது என்று நாம் பொதுவாகக் கருதுகின்றோம். ஆனால் அதற்கு நெடுநாள் முன்னரே அது தொடங்கிவிடுகின்றது. இன்ன பாத்திரத்தை இன்னார் ஏற்றல் வேண்டும், இன்ன காட்சி தவறாது இடம்பெறல் வேண்டும், இன்ன உரையாடலிற் கைவைத்தல் ஆகாது என்று வாசகர் கூறும் ஒவ்வொரு விருப்பமும் அந்நூலைப் பற்றிய ஒரு தீர்ப்பேயாகும். நூலில் அவர் எதனை உயிர்நிலையாகக் கொண்டார், எதனைக் கவனியாது கடந்துசென்றார் என்பவற்றை அவ்விருப்பங்கள் வெளிக்காட்டிவிடும். ஆகவே, இரசிகரின் எதிர்பார்ப்பை வெறும் ஆரவாரம் என ஒதுக்காது, அதனையும் ஒரு வாசிப்பாகக் கொண்டு ஆராய்தல் தகும். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' திரைக்கு வருமுன்னர் தமிழுலகில் எழுந்த எதிர்பார்ப்பையும், அதில் யாழ்ப்பாணத்து வாசகராகிய நாம் கொண்ட பங்கையும் அவ்வாறு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்நாவல் 1950ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 'கல்கி' இதழில் ஆரம்பித்து 1954ஆம் ஆண்டுவரை வாரந்தோறும் வெளிவந்தது. அவ்வாண்டு டிசம்பர் மாதத்திலேயே கல்கி காலமானார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1958இல், எம். ஜி. ஆர். இதனைப் படமாக்கப் போவதாக அறிவித்தார். பின்னாளில் இயக்குநராகப் புகழ்பெற்ற மகேந்திரன் அம்முயற்சிக்கான திரைக்கதைப் பணியில் ஈடுபட்டவர். அம்முயற்சி கைகூடவில்லை. கமல்ஹாசனும் மணிரத்னமும் பின்னர் முயன்றனர். 2010ஆம் ஆண்டையடுத்து மணிரத்னம் மீண்டும் முயன்று கைவிட்டார். இறுதியில் 2022 செப்டெம்பர் 30ஆம் திகதி முதற் பாகமும், 2023 ஏப்ரில் 28ஆம் திகதி இரண்டாம் பாகமும் வெளியாயின. முதல் அறிவித்தலிலிருந்து முதற் காட்சிவரை அறுபத்து நான்கு ஆண்டுகள்! முதலிற் காத்திருந்தோரிற் பலர் படத்தைக் காணாமலே மறைந்தனர். அவர்களது காத்திருப்பு பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் முதுசமாக வந்துசேர்ந்தது.

இங்கு ஒன்றனைக் குறிப்பிடுதல் வேண்டும். இந்நாவலைப் பொறுத்தவரை காத்திருத்தல் என்பது புறத்தேயிருந்து வந்து சேர்ந்ததன்று. வாரத் தொடராக எழுதப்பட்டமையால் ஒவ்வோர் அத்தியாயமும் அடுத்த வாரத்தை நோக்கிய ஓர் ஐயத்திலேயே முடியும். நூலுருவிற் படிக்கும்போது சலிப்பூட்டக்கூடிய சில திருப்பங்கள், இதழுக்காக ஏங்கியிருந்த வாசகனுக்கு ஒரு வாரகாலப் பேச்சுக்கு விடயமாயிருந்தன. யாழ்ப்பாணத்திலும் இதழின் பக்கங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டி வைத்திருந்த வீடுகள் உண்டு. 1970களின் முற்பகுதியில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில், அக்கட்டுத் தொகுதிகள் கைமாறிக் கைமாறி ஓரங்கள் தேய்ந்தன. எனவே படத்துக்கான காத்திருப்பு, நாவல் தன் வாசகனுக்கு முன்னரே பழக்கிவிட்ட ஒரு மனநிலையின் நீட்சியே எனலாம்.

'பொன்னியின் செல்வன்' வரலாற்று நாவல் என்றே வழங்கப்படுகின்றது. அன்பிற் செப்பேடு, திருவாலங்காட்டுச் செப்பேடு, உடையார்குடிக் கல்வெட்டு ஆகியவற்றையும், நீலகண்ட சாஸ்திரியார், சதாசிவ பண்டாரத்தார் ஆகியோரின் ஆய்வுகளையும் அடிப்படையாகக் கொண்டு கல்கி அதனை எழுதினார் என்பதும் உண்மையே. எனினும் வாசகர் மனத்தில் அது நிற்கும் முறையை நோக்குமிடத்து, அதனை ஒரு கற்பனை உலகக் காதை என்று கூறுவதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. நந்தினி, பூங்குழலி, ஊமை ராணி, ஆழ்வார்க்கடியான் ஆகியோர் கல்வெட்டிலிருந்து வந்தவர்களல்லர். அவர்கள் நடமாடும் சோழநாடு, வாசகன் வழிதவறாது உலாவக்கூடிய ஒரு முழு உலகம். இதே காலத்தில், 1954-55இல், ஆங்கிலத்திலே டோல்கீனின் 'மோதிரங்களின் தலைவன்' மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அதனைப் படமாக்கும் திட்டமொன்று டோல்கீனிடம் வந்தபோது, அவர் 1958இல் அத்திரைக்கதையைக் கடுமையாகக் கண்டித்துக் கடிதம் எழுதினார். பீட்டர் ஜாக்சனின் மூன்று படங்களும் 2001க்கும் 2003க்கும் இடையில் வந்தபோது, ரொம் பொம்படில் என்னும் பாத்திரம் விடுபட்டதை வாசகர் நெடுநாள் பேசினர். முழு உலகமொன்றைப் படைத்துக் கொடுக்கும் நூல்களின் வாசகர் அவ்வுலகின் குடிகளாகிவிடுகின்றனர். குடிகள் தம் நாட்டின் எல்லைகளைப் பற்றிக் கேள்வி எழுப்புவது இயல்பு.

அவ்வாறாயின், எம்மவர் எழுப்பிய கேள்விகள் யாவை? 2022இல் எமது விடுதிகளிலும் விரிவுரை மண்டப வாயில்களிலும் நிகழ்ந்த உரையாடல்களை நினைவுகூர்ந்தால், அவை பெரும்பாலும் முகங்களைப் பற்றியவையாகவே இருந்தன. வந்தியத்தேவனின் குறும்பு கார்த்திக்கு வருமா? நந்தினியாக ஐஸ்வர்யா ராயும் குந்தவையாகத் திரிஷாவும் எதிரெதிரே நிற்கும்போது எவர் மேலோங்குவர்? அருள்மொழிவர்மனின் அமைதியை ஜெயம் ரவியிடம் எதிர்பார்க்கலாமா? இவற்றின் பின்னே ஓவியர் மணியம் தீட்டிய கோட்டோவியங்கள் நின்றன. வாசகர் தம் மனத்திற் கண்டதாக எண்ணிய குந்தவை, பல வேளைகளில் மணியம் வரைந்த கொண்டையோடும் அணிகலன்களோடும் கூடிய குந்தவையே. ஆகவே, படத்தில் வரும் முகம் தம் கற்பனையோடு பொருந்தவில்லை என்று குறைகூறியோர், உண்மையில் ஓர் ஓவியத்தோடு மற்றொரு படிமத்தை ஒப்பிட்டனர்.

அந்த ஆண்டு எத்தகையது என்பதையும் மறத்தலாகாது. எரிபொருளுக்காக இரவிரவாக வரிசைகளில் நின்ற ஆண்டு அது. மண்ணெண்ணெய் இன்மையால் எமது கரையோரத்துப் படகுகள் கடலுக்குச் செல்லாது கிடந்தன. மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்டது. அத்தகைய காலத்தில் ஒரு சோழ இளவரசனின் கதைக்காக ஏங்கியமை சிலருக்கு நகைப்பாகத் தோன்றியது. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. வரிசையில் நிற்போருக்கு வரிசையைத் தவிர வேறொன்றைப் பற்றிப் பேசும் தேவையும் உண்டு. அப்பேச்சு பசியை ஆற்றாது. ஆயினும் மனிதரை அவர்களது பசியாக மட்டும் சுருங்கிவிடாமற் காக்கும்.

படம் வந்தது. அதன் சிறப்புகளை மறைத்தல் நேர்மையன்று. ஐந்து பாகங்களில் விரிந்த நாவலை ஏறக்குறைய ஐந்தரை மணிநேரத்துக்குள் அடக்குவதற்கு ஒரு மையம் வேண்டியிருந்தது. ஆதித்த கரிகாலனுக்கும் நந்தினிக்கும் இடையிலான கருகிய காதலை அம்மையமாகக் கொண்டமை, மணிரத்னத்தின் விமர்சனபூர்வமான தெரிவு என்றே கொள்ளவேண்டும். நாவலில் வதந்தியாகவும் நினைவாகவும் பெரிதும் மறைவில் நின்ற கரிகாலனுக்கு, விக்ரமின் நடிப்பு ஒரு பொறுக்கமுடியாத வேதனையைக் கொடுத்தது. மணிரத்னத்தோடு இணைந்து திரைக்கதை அமைத்த இளங்கோ குமரவேல், 1999இல் மேஜிக் லான்டர்ன் குழுவினர் மேடையேற்றிய நாடக வடிவத்தையும் எழுதியவர். நாவலை எங்கே மடிக்கலாம் என்பது அவருக்குப் பழகிய விடயம்.

விடுபட்டவை பற்றியும் குறைகள் எழுந்தன. மணிமேகலை படத்தில் இல்லை. சேந்தன் அமுதனே உண்மையான மதுராந்தகன் என்னும் நாவலின் பெரும் இரகசியம் கைவிடப்பட்டது. இதனைக் கதைச் சிக்கலைக் குறைக்கும் உத்தியென்று பலர் ஏற்றுக்கொண்டனர். ஆனால் அதனோடு வேறொன்றும் போயிற்று என்பதைச் சிலரே கூறினர். நாவலில் சேந்தன் அமுதனை மணந்து சோழநாட்டின் அரசியாகின்றவள் பூங்குழலி. கோடிக்கரையிலே படகு வலித்தவள். கடலை அஞ்சாத, அரண்மனையை மதியாத ஒரு கரையோரப் பெண்ணின் தலையிலே கல்கி மணிமுடியை வைத்தார். படத்தில் மதுராந்தகன் மதுராந்தகனாகவே முடிசூடுகின்றான். பூங்குழலி கடலோடு நின்றுவிடுகின்றாள். பாக்குநீரிணைக்கு இப்பால் வாழும் நாம் அவ்விழப்பை முதலில் உணர்ந்திருத்தல் வேண்டும். நாமோ நந்தினியின் நகைகளைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தோம்.

இவ்விடத்திலேதான் இக்கட்டுரையின் முதன்மையான வினா எழுகின்றது. 'சுழற்காற்று' என்னும் இரண்டாம் பாகத்தின் பெரும்பகுதி இலங்கையிலேயே நிகழ்கின்றது. கல்கி ஓவியர் மணியத்துடன் இங்கு வந்து இடங்களை நேரிற் கண்டே அதனை எழுதினார். வந்தியத்தேவன் பூங்குழலியின் படகிலே கடல்கடந்து வருகின்றான். மாதோட்டத்திலே சோழ சேனையின் பாசறை உள்ளது. தம்பள்ளை, அநுராதபுரம் என்று கதை நகர்ந்து, வடக்கே திரும்பி, யானையிறவை அடைந்து, தொண்டைமானாற்றின் முகத்துவாரத்தில் வந்துநிற்கும் கப்பல்களை நோக்கிச் செல்கின்றது. அருள்மொழிவர்மன் நடந்த வழி, இன்று நாம் பேருந்தில் ஏறி அரைநாளிற் கடக்கக்கூடிய வழியாகும்.

அவ்வழியில் ஒரு காட்சி தனித்து நோக்கத்தக்கது. யானையிறவுக்கு அண்மையில், காட்டினுள் மறைந்த பழையதொரு கட்டடத்தின் சுவரிலே, ஊமை ராணியாகிய மந்தாகினி தன் வாழ்வைச் சித்திரங்களாகத் தீட்டி வைத்திருக்கின்றாள். தீவிலே கண்டெடுத்த காதல், அரண்மனையிற் கண்ட ஏமாற்றம், ஆற்றில் வீழ்ந்த குழந்தையைத் தூக்கியெடுத்த கைகள் ஆகிய அனைத்தையும் அவள் கோடுகளாலேயே அருள்மொழிவர்மனுக்குச் சொல்கின்றாள். பேசமுடியாத ஒருத்தி, தான் பெறாத மகனுக்குத் தன்னைக் காட்டும் இடம் அது. ஐந்து பாகங்களிலும் சொற்களை அருவியாகக் கொட்டிய கல்கி, இவ்வோரிடத்திலே சொற்கள் பயனற்றுப் போகும் ஒரு சூழலைப் படைத்தார். எழுத்து இதனை விவரிக்க மட்டுமே இயலும். திரைப்படமோ இதனை அப்படியே காட்டக்கூடியது. நாவல் முழுவதிலும் திரைக்கலைக்கெனவே வரையப்பட்டது போன்ற காட்சி இதுவெனில் மிகையாகாது. படம் தன் இலங்கைப் பகுதியை மிகச் சுருக்கிக்கொண்டு கப்பற் போரை நோக்கி விரைந்தமையால், இச்சுவருக்கு உரிய நேரமும் மௌனமும் அதில் வாய்க்கவில்லை.

யானையிறவு என்னும் பெயரைக் கேட்டதும் எமது தலைமுறைக்கு நினைவுக்கு வருபவை 1991, 2000 ஆகிய ஆண்டுகளின் போர்களும் உப்பளமுமே. அதே இடத்தை ஒரு தாய் தன் கதையைச் சொல்லும் இடமாக ஒரு தமிழ் நாவல் முன்னரே கண்டிருந்தது. அக்காட்சியைத் திரையிற் காண வேண்டும் என்று கேட்பதற்கு உலகில் வேறெவரையும்விட எமக்கே உரிமை அதிகம். நாம் கேட்டோமா? படப்பிடிப்பு 2019 டிசம்பரில் தாய்லாந்திலே தொடங்கிற்று. இலங்கைக் காட்சிகளுக்கு அந்நாட்டின் காடுகள் கைகொடுத்தன. போக்குவரத்தும் அனுமதியும் செலவும் அதற்குக் காரணமாயிருக்கலாம். படமெடுப்போரை இதற்காகப் பழித்தல் எனது நோக்கமன்று. நடிகையின் தலையணியிற் பிழை கண்ட நாம், எமது மண்ணுக்குப் பதிலாக வேறொரு மண் நின்றதைப் பற்றி ஒரு சொல்லும் கூறாது படமாளிகையை விட்டு வெளியேறினோம் என்பதே நான் சுட்ட விரும்புவது. சென்னையிலே எவை எதிர்பார்க்கப்பட்டனவோ அவற்றையே நாமும் எதிர்பார்த்தோம். எமது காத்திருப்பும் ஓர் இறக்குமதிப் பொருளாகவே இருந்தது.

இடத்தை அறிந்து வாசித்தல் என்பது பெருமை பேசுவதற்காக அன்று. அது நூலைச் சோதிப்பதற்கும் உதவும். தொண்டைமானாறு என்னும் பெயரைக் கருணாகரத் தொண்டைமானோடு தொடர்புறுத்தும் மரபு எம்மிடையே உண்டு. கலிங்கப் போரிற் புகழ்பெற்ற அவன் முதலாங் குலோத்துங்கன் காலத்தவன். நாவல் நிகழும் காலத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பிந்தியவன். அம்மரபு சரியாயின், அருள்மொழிவர்மன் வந்தபோது அவ்வாற்றுக்கு அப்பெயர் இருந்திருத்தல் இயலாது. இவ்வினாவைத் தஞ்சாவூர் வாசகர் எழுப்பமாட்டார். வடமராட்சி வாசகர் எழுப்பலாம்.

இதனினும் பாரதூரமான வினா ஒன்றுண்டு. அநுராதபுரத்திலே பௌத்த சங்கத்தார் இலங்கையின் மணிமுடியை அருள்மொழிவர்மனுக்கு அளிக்க முன்வருகின்றனர், அவன் மறுத்துவிடுகின்றான். படத்திலும் இடம்பெற்ற இந்நிகழ்ச்சி முழுக் கற்பனை. வரலாற்றிலோ, அவ்விளவரசன் இராசராசனாக முடிசூடிய பின் அவனது சேனை இத்தீவின் வடபகுதியைக் கைப்பற்றியது. அவன் மகன் காலத்தில், 1017ஆம் ஆண்டளவில், ஐந்தாம் மகிந்தன் சிறைகொண்டு செல்லப்பட்டான். விகாரைகள் கொள்ளையிடப்பட்டமையைச் சூளவம்சம் கசப்போடு பதிவு செய்கின்றது. மறுபுறத்தில், திருகோணமலைக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரை, சோழராட்சியின்போது இராசராசப் பெரும்பள்ளி என்னும் பெயரோடு பேணப்பட்டமைக்குத் தமிழ்க் கல்வெட்டுகள் சான்றாகவுள்ளன. சோழர் என்னும் சொல் தமிழகத்திற் பெரும்பாலும் பெருமிதச் சொல். இத்தீவில் அது ஒரு சாராருக்குப் பெருமிதமாகவும் மற்றொரு சாராருக்குப் புண்ணாகவும் ஒலிக்கும் சொல். முடியை மறுக்கும் இளவரசனைப் படைத்த கல்கி, நடந்ததை எழுதவில்லை. நடந்திருக்கக்கூடாதா என்று ஏங்கியதை எழுதினார். அவ்வேக்கத்தின் கனத்தை அறியக்கூடியவர்கள் இங்கு வாழ்பவர்களே. இக்காட்சி திரையில் வந்தபோது எழுந்த கைதட்டலிடையே, அவ்வினாவும் எம் மனத்தில் எழுந்திருத்தல் வேண்டும்.

'இஃது ஒரு பொழுதுபோக்குப் படம். இரசிகர் ஆய்வாளராதல் வேண்டுமோ?' எனச் சிலர் வினவக்கூடும். வேண்டியதில்லை. ஆனால் இரசிகர் ஏற்கெனவே ஆய்வாளராகவே நடந்துகொள்கின்றனர். பழுவேட்டரையரின் உடலில் எத்தனை விழுப்புண்கள் என்பதை எண்ணிச் சொல்லக்கூடியோரை எமது வகுப்புகளிலேயே காணலாம். நாவலைச் சமுதாய வரலாற்றோடு இணைத்து நோக்கும் முறையைப் பேராசிரியர் கைலாசபதி தமது 'தமிழ் நாவல் இலக்கியம்' என்னும் நூலில் 1968இலேயே எமக்குக் காட்டித் தந்தார். அந்நுணுக்கத்தையும் இம்முறையையும் ஒருங்கு சேர்த்தால், எதிர்பார்ப்பே சிறந்த விமர்சனமாகிவிடும்.

எமக்கென ஒரு முன்னுதாரணமும் இல்லாமலில்லை. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' என்னும் நாவல் 1978இல் திரைப்படமாயிற்று. நெடுந்தீவின் கரையையும், அங்கு பருவத்துக்கு வந்துசேரும் மீனவரையும், வாடை பெயரும்போது பெயர்ந்துசெல்லும் உறவுகளையும் கூறும் நாவல் அது. பொருள்வளமும் நட்சத்திர ஒளியுமற்ற அம்முயற்சியின் குறைபாடுகள் எவையாயினும், அதன் வாசகர் தாம் அறிந்த காற்றையும் கடலையும் திரையிற் காணக் காத்திருந்தனர். இன்று எமது மாணவரில் எத்தனை பேர் அந்நாவலைப் படித்திருக்கின்றனர்? அறுபத்து நான்கு ஆண்டுக் காத்திருப்பை அறிந்த நாம், எமது சொந்த நாவல்களுக்காக ஒரு நாளேனும் காத்திருந்ததுண்டா?

பெரும் படங்கள் இனியும் வரும். அவற்றுக்காக நாமும் காத்திருப்போம், அதிற் குற்றமில்லை. ஆயின் அடுத்த முறை படமாளிகை வாயிலில் நிற்குமுன், நூலை மீண்டும் ஒருமுறை எடுத்து, அதில் எமது ஊர்ப்பெயர் வரும் பக்கங்களைப் படித்துவிட்டுச் செல்லுதல் நன்று. எவர் நடிக்கின்றார் என்பதோடு, எந்த மண் நடிக்கின்றது என்றும், எவரது கதை விடுபட்டது என்றும் வினவும் பழக்கம் எம்மிடையே வளருமாயின், தொண்டைமானாற்று முகத்துவாரத்திற் கப்பல்கள் வந்துநிற்கும் காட்சியை எடுக்க விரும்பும் ஓர் இயக்குநர், அதனைக் கேட்கும் வாசகர் இங்கு இருக்கின்றனர் என்பதையேனும் அறிந்துகொள்வார் என்பது இக்கட்டுரையின் துணிபு.